மாடிப் போர்ஷனுக்கு யார் வருகிறார்கள்?

வாசல் கேட்டில் 'டு லெட்' பலகையைக் கட்டிவிட்டு வீட்டுக்காரர் உள்ளே வந்து மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்காருவதற்குள் முதல் ஆள் வந்து நின்றுவிடுவார். அநேகமாக அவர் குடிவர வந்தவராக இருக்க மாட்டார்; தரகராக இருப்பார். "ஸார், நல்ல பார்ட்டி இருக்கு. டீசன்ட் ஃபேமிலி. ரெண்டே பேர்!" என்பார். தரகர்கள் அழைத்து வருகிற எல்லாக் குடும்பங்களிலும் இரண்டே பேர்தான். சாமான் வண்டி வந்து நிற்கும்போதுதான் மாமனார், மாமியார், கல்லூரியில் படிக்கும் மைத்துனன், மூன்று மோட்டார் சைக்கிள், ஒரு நாய்க்குட்டி என்று கணக்கு விரியும்.

தரகருக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் நாலு பேர் வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீடு பிடித்தாக வேண்டும் என்ற பதைப்போடு ஒரு தம்பதி. எதிர்வீட்டு அம்மாளின் ஒன்றுவிட்ட தங்கை பெண்ணுக்கு வேண்டும் என்று ஒரு சிபாரிசு. பலகையை யாரோ போட்டோ எடுத்து வலையில் ஏற்றிவிட்டால் அப்புறம் கேட்கவே வேண்டாம். சமையலறையில் குக்கர் கூவுகிறதா, டெலிபோன் கூவுகிறதா என்று தெரியாது.

இவர்களில் யாரிடம் சாவியைக் கொடுப்பது? வீட்டுக்காரர் இரண்டே கேள்விதான் கேட்பார். "எந்த ஆபீஸ்? சொந்த ஊர் எது?" பதில் திருப்தியாக இருந்தால் பத்திரிகைக்குள் தலையை நுழைத்துக்கொண்டுவிடுவார். மறுநாள் முதல் மாடிக் குடித்தனத்தோடு வாழ வேண்டியவள் அவருடைய மனைவி. விடியற்காலையில் மோட்டார் போடுவது யார், மாடிப்படியைப் பெருக்குவது யார், மொட்டை மாடிக் கொடியில் எந்தக் கிழமை யாருடைய துணி, குப்பை வண்டி வரும்போது எடுத்துக் கொடுப்பது யார் என்று அத்தனையும் அவள் பாடு. ஆகையால் இங்கே சொல்லப் போவதெல்லாம் வீட்டுக்கார அம்மாளை உத்தேசித்தே. குடிபோகிற அம்மாளும் படிக்கலாம், அவளுக்கும் உபயோகப்படும்.

வாடகைக்கு விடுகிறவர்கள் என்றாலே பணக்காரர்கள் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. சென்னையில் நங்கநல்லூர், மேற்கு மாம்பலம், பெரம்பூர் பக்கம் போய்ப் பாருங்கள். கணவர் உத்தியோகத்தில் இருந்தபோது கடன் வாங்கிக் கீழே கட்டி, ஓய்வு பெற்ற பணத்தில் மேலே ஒரு போர்ஷன் எழுப்பியிருப்பார். அவர் காலமான பிறகு அம்மாளுக்கு வருவது குடும்பப் பென்ஷன். அது அவர் வாங்கிய பென்ஷனைவிடக் குறைவு. மாடி வாடகைதான் சர்க்கரை மாத்திரையும் கண் டாக்டரும் வீட்டு வரியும். பிள்ளை வெளியூரில் இருப்பான், கேட்டால் அனுப்புவான், ஆனால் கேட்க வேண்டுமே! மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் மாடியிலிருந்து வருகிற பணம் கேட்காமல் வருகிற பணம். அந்த அம்மாளுக்கு அது மூன்று மாதம் நின்றுபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால், குடித்தனக்காரரைச் சலித்து எடுப்பதில் அவள் காட்டுகிற கடுமை புரியும்.

ஆனால் அவள் எந்தச் சல்லடையைப் போட்டுச் சலிக்கிறாள் என்பதுதான் விஷயம்.

முதலில் ஒரு பழங்கதை. யாருக்கு வீட்டை விடுவது என்று வீட்டுக்காரர் தாமே தீர்மானிக்க முடியாத காலம் ஒன்று இந்த ஊரில் இருந்தது. இரண்டாவது மகாயுத்த காலத்தில் வீட்டுப் பஞ்சம் வந்தபோது பிறந்த வாடகைக் கட்டுப்பாடு, 1946, 1949 வருஷங்களில் சட்டங்களாகி, 1960-ல் மறுபடி ஒரு சட்டமாக வந்தது. அதன்படி வீடு காலியானால் ஏழு நாளுக்குள் அதற்கென்று நியமித்த அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மிகக் குறைந்த வாடகை வீடுகளுக்கு மாத்திரம் விலக்கு. சர்க்காருக்கோ சர்க்கார் உத்தியோகஸ்தருக்கோ தேவையென்றால் அவர்களுக்குத்தான் வீடு. வேண்டாம் என்று அவர்கள் விட்டால்தான் வீட்டுக்காரர் தம் இஷ்டப்படி வாடகைக்கு விடலாம். வந்தவரை எழுப்புவதும் லேசான காரியமில்லை. சட்டம் சொல்கிற காரணங்களில் ஒன்றைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். திருவல்லிக்கேணியிலும் ஜார்ஜ் டவுனிலும் தாத்தா பேசிய வாடகையைப் பேரன் கொடுத்துக்கொண்டிருந்த வீடுகள் உண்டு. நியாய வாடகை வழக்கென்று ஒரு தலைமுறையே கோர்ட்டு வாசலில் நரைத்தது.

நம் வீட்டுக்காரர்களின் மனத்தில் 'உள்ளே வந்தால் வெளியே போக மாட்டான்' என்று ஊறிப்போயிருக்கிற பயம் அந்த நாளில் பிறந்ததுதான். சட்டம் போய்விட்டது, பயம் போகவில்லை. 1960-ஆம் வருஷத்துச் சட்டத்தை ரத்துச் செய்து 2017-ல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22-ஆம் தேதி அமலுக்கு வந்தது. வாடகை என்பது இரு தரப்பும் பேசி எழுதிக்கொள்வதே என்று அது ஏற்றுக்கொள்கிறது. பதிலுக்கு ஒன்று கேட்கிறது: ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கென்று அரசாங்கம் ஓர் இணைய தளமே வைத்திருக்கிறது.

இந்த இடத்தில் மாமாக்கள் குறுக்கிடுவார்கள். "அதெல்லாம் எதற்கு? பதினோரு மாதம் என்று முத்திரைத் தாளில் எழுதிவிட்டால் பதிவே வேண்டாமே!" வெகு காலம் நடந்துவந்த வழக்கந்தான். பத்திரப் பதிவுச் சட்டத்தில் ஒரு வருஷத்துக்குக் குறைந்த குத்தகைக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால் கண்டுபிடித்த யுக்தி அது. புதுச் சட்டம் மாதக் கணக்குப் பார்க்கவில்லை. பதினோரு மாதமானாலும் எழுத வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். நாளைக்குத் தகராறு வந்து அந்த அம்மாள் மனுவைத் தூக்கிக்கொண்டு போகும்போது முதலில் கேட்கப்படுவது இந்தப் பதிவு எண்தான். 'எழுதுவானேன், நம்பிக்கைதானே முக்கியம்' என்று குடிவருகிறவரே சொன்னால், அவருக்கு ஒரு வாய் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம். எழுதத் தயங்காதவர் என்பதே முதல் சல்லடை.

இனி நம் அம்மாள்கள் உபயோகிக்கும் சல்லடையைப் பார்ப்போம்.

"பூர்வீகம் எந்த ஊரு?" என்று ஆரம்பிக்கும். கும்பகோணம் என்று பதில் வந்தால், "கும்பகோணத்தில் எந்தத் தெரு?" என்று அடுத்தது. தெருவின் பெயரைக் கொண்டு ஜாதியைக் கண்டுபிடிக்கிற வித்தை நம்மவர்களுக்குக் கைவந்தது. தெரு பிடிபடாவிட்டால் குலதெய்வம். அதுவும் பிடிபடாவிட்டால், "சாப்பாடெல்லாம் எப்படி?" பலகையிலேயே 'சுத்த சைவம்' என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு. வாசனை ஒத்துக்கொள்ளாது என்பவர்கள் வாஸ்தவமாகவே சிலர் இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்குள் சாப்பாட்டைவிட ஜாதியும் மதமுமே அதிகம் என்பது எழுதினவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். 2015-ல் தில்லிப் பட்டணத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஓர் ஆராய்ச்சி செய்து வெளியிட்டார்கள். வாடகை விளம்பரம் பார்த்து டெலிபோனிலும் நேரிலும் விசாரித்தார்கள். பெயரைக் கேட்டதுமே மேல் ஜாதி என்று தெரிகிறவர்களுக்கு வீடு இருந்தது. தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் பல வீடுகள் திடீரென்று 'ஏற்கெனவே விட்டாகிவிட்டது' என்று ஆகிவிட்டன. சென்னையில் கதை வேறு என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடியவர்கள் சொல்லலாம்.

இதில் நியாய அநியாயம் ஒரு புறம் இருக்கட்டும். வீட்டுக்கார அம்மாளின் சொந்த லாபத்தையே பார்ப்போம். குலதெய்வம் எதுவென்று தெரிந்துகொண்டதால் ஐந்தாம் தேதி வாடகை வருமா என்பது தெரிந்துவிட்டதா? சொந்த ஜாதிக்காரர், நெருங்கின சிபாரிசு என்று ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டு, அதனாலேயே கண்டிப்பாகக் கேட்கவும் முடியாமல் எட்டு மாத பாக்கியோடு திண்டாடுகிறவர்கள் எந்தத் தெருவிலும் உண்டு. உறவு பாராட்டி வந்தவரிடம் ரசீது கேட்க வாய் வராது!

தனியாக வருகிற பெண்ணுக்குப் போடுகிற சல்லடையோ இன்னும் விசேஷம். ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். வயது முப்பத்தாறு. நாலாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் குழந்தை. கணவனைப் பிரிந்து இரண்டு வருஷம். கற்பனைதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் தெருவிலேயே பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருப்பாள்.

"வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

முதல் மூன்று வீட்டில் அவள் உள்ளதை உள்ளபடி சொல்கிறாள். முதல் வீட்டில், "அவரோடு கலந்துண்டு சொல்றேன்" என்கிறார்கள். இரண்டாவது வீட்டில், "எங்களுக்கு ஒண்ணுமில்லே, அக்கம்பக்கம் ஒரு மாதிரி பேசும்" என்கிறார்கள். மூன்றாவது வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். நாலாவது வீட்டு வாசற்படி ஏறும்போது அவள் தன் கணவனைத் துபாய்க்கு அனுப்பிவிடுகிறாள்.

"துபாயில் இருக்கார், மாமி. வருஷத்துக்கு ஒரு தரம் வருவார்."

மாமிக்குப் பரம சந்தோஷம். துபாய்ப் பணம்! சாவி கைமாறுகிறது. ஒரு வருஷம் கழித்து, வராத துபாய்க்காரரைப் பற்றித் தெருவில் பேச்சு எழும்பும்போது, "பொய் சொல்லி வந்திருக்காளே!" என்று மாமி கொதிக்கிறாள். அந்தப் பொய்யைக் கேட்டு வாங்கினது யார்? தப்பான கேள்விக்குக் கெட்டிக்காரத்தனமான பதில் கிடைக்குமே ஒழிய உண்மை கிடைக்காது. அதைவிட நஷ்டம் வேறு ஒன்று. உள்ளதைச் சொன்ன அந்த முதல் மூன்று வீட்டார், உண்மை பேசுகிற ஒரு குடித்தனக்காரியை, மாதச் சம்பளம் வாங்குகிறவளை, பள்ளிக்கூடம் மாற்ற விரும்பாததால் வருஷக் கணக்கில் இருக்கப் போகிறவளை, வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது வீட்டு அம்மாளும் தனியாக நின்று குழந்தைகளை வளர்த்தவளாக இருந்தால்கூட ஆச்சரியப்படுவதற்கில்லை.

"ராத்திரி எத்தனை மணிக்கு வருவே?" என்று கேட்பதில் உள்ள கவலையெல்லாம் பொய்யில்லை. கேட்டைப் பூட்ட வேண்டும். வயசான காலத்தில் எழுந்து வந்து திறக்க முடியாது. அப்படியானால் அதையே கேட்டுவிட்டுப் போகலாமே! "உனக்கு ராத்திரி டியூட்டி உண்டாம்மா? அப்போ குழந்தையை யார் பார்த்துப்பா? கேட்டுக்கு ஒரு சாவி தனியா கொடுத்துடட்டுமா?" தெரிய வேண்டியது அத்தனையும் தெரிந்துவிடும். கேட்கப்படுகிறவளுக்கும் கூனிக் குறுக வேண்டியிராது.

சரி, பின்னே என்னதான் கேட்பது?

"இப்போ இருக்கிற வீட்டை ஏன் விடறீங்க?" இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. பதிலைவிடப் பதில் வருகிற விதத்தைக் கவனியுங்கள். வாடகை உயர்த்திவிட்டார்கள், ஆபீஸ் மாறிவிட்டது, வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்பதெல்லாம் விசாரித்தால் தெரிந்துவிடக்கூடிய காரணங்கள். மூன்று வருஷத்தில் ஐந்து வீடு மாறி, ஐந்து வீட்டுக்காரரும் ராட்சசர்கள் என்று சொன்னால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

அடுத்தபடி பழைய வீட்டுக்காரரிடம் விசாரிப்பது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இப்போது குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரரைக் கேட்டால், "தங்கமான மனுஷாள்! உங்களுக்குக் கிடைச்சது அதிர்ஷ்டம்" என்பார். எப்படியாவது போனால் போதும் என்று அவர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கலாம்! அதற்கும் முந்தின வீட்டுக்காரரைக் கேளுங்கள். அவருக்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, இருக்கிறபடி சொல்லுவார். அவரிடமும் 'நல்லவரா?' என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் 'நல்லவர்' என்றுதான் சொல்வார்கள். வாடகை எந்தத் தேதியில் வந்தது, காலி செய்யும்போது சுவரும் குழாயும் எப்படியிருந்தன, சொல்லிக்கொண்டு போனாரா என்று கேளுங்கள்.

சம்பளக் கணக்குக் கேட்பதற்கு நம் பெண்களுக்குக் கூச்சம். பெண் கொடுக்கும்போது கூசாமல் கேட்கிறோம்! சம்பாத்தியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகையாகப் போனால் அந்தக் குடும்பம் மூச்சுத் திணறும் என்பது பொதுவான கணக்கு. சம்பளக்காரர் என்றால் மூன்று மாதச் சம்பளச் சீட்டு போதும். எல்லோரும் சம்பளக்காரர்களா என்ன? மளிகைக் கடை வைத்திருப்பவருக்கும் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் தையல் தைக்கிற பெண்ணுக்கும் சீட்டு யார் கொடுப்பார்கள்? சீட்டு இல்லை என்பதற்காக வருமானம் இல்லை என்று அர்த்தமில்லை. ஆறு மாத வங்கிக் கணக்கைப் பார்த்தால் பணம் வருவதும் போவதும் தெரியும். பெரிய கம்பெனிச் சீட்டை நீட்டுகிறவர் அடுத்த மாதமே வேலை இழந்து நிற்கிற காலம் இது.

எத்தனை பேர் என்று கேட்பதற்கு மாத்திரம் கூசவே கூடாது. இது தண்ணீர் விஷயம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடினதை மறந்திருக்க மாட்டீர்கள். நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று இன்ஜினீயர்கள் கணக்கு வைக்கிறார்கள். கீழே நாலு பேர், மேலே ஐந்து பேர் என்றால் ஒரு நாளைக்கு 1,215 லிட்டர். வீட்டில் 6,000 லிட்டர் தொட்டி இருந்தால் ஐந்து நாளைக்குக்கூட முழுதாகக் காணாது. 'ரெண்டே பேர்' ஆறு பேராகிற வீட்டில் கோடைகாலச் சண்டை எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும். யார் யார் நிரந்தரமாக இருப்பார்கள், யார் வந்து போவார்கள், வண்டி எத்தனை என்று கேட்டு, ஒப்பந்தத்திலும் எழுதிவிடுவது நல்லது. ஊரிலிருந்து மாமியார் இரண்டு மாதம் வந்து தங்குவதைக் குற்றமாக்க வேண்டாம். அது வேறு, இன்னொரு குடும்பத்தையே உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொள்வது வேறு.

வீட்டிலிருந்தபடி தொழில் ஏதாவது உண்டா என்றும் கேட்க வேண்டும். நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் என்றால் செருப்பு நாலு ஜோடி படியில் கிடக்கும், அவ்வளவுதான். ஊருக்கே சாப்பாடு சமைத்து அனுப்புகிற தொழில் என்றால் காஸ் சிலிண்டர், கழிவுநீர், போக வர வண்டிகள் என்று சங்கதி பெரிதாகும். வீட்டு மின் இணைப்பில் வியாபாரம் நடந்தால் மின்வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருவோம். சென்னையில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது வெகு நாளைய சம்பிரதாயம். புதுச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. பத்து மாதம் கொடுக்கக்கூடியவர்தான் யோக்கியர் என்று பலர் நினைக்கிறார்கள். கையில் மொத்தமாகப் பணம் இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் அது காட்டாது. மேலும் வாங்கின அட்வான்ஸ் பெட்டியிலேயே இருக்கிற வீடு எது? பெண்ணின் சீமந்தத்துக்கும் மேல் தளம் போடவும் செலவாகிவிடும். பிறகு இவர் காலி செய்கிறேன் என்றால், அடுத்தவர் கொடுக்கிற அட்வான்ஸை வாங்கித்தான் இவருக்குத் திருப்ப வேண்டும். அந்த அவசரத்தில், அடுத்து வருகிறவர் யாரென்று எங்கே விசாரிப்பது!

இதற்கு மறுபக்கமும் உண்டு. "இந்த மாசம் கொஞ்சம் முடை, அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க மாமி" என்று ஒரு குரல் வரும். ஒரு தரம் விட்டால் அது வழக்கமாகிவிடும். அட்வான்ஸ் கரைந்த பிறகு மாமியின் கையில் பிடி ஒன்றும் இராது. காலி செய்யும் மாதத்தைத் தவிர வேறு மாதத்தில் கழிப்பதில்லை என்று முதலிலேயே சொல்லி எழுதிவிட்டால் முகம் கோண வேண்டியதில்லை.

காகிதங்கள் கேட்டு வாங்குவதிலும் ஒரு மரியாதை வேண்டும். ஆதார் அட்டையின் எண்ணில் கடைசி நாலு இலக்கம் மாத்திரம் தெரிகிற நகல் ஒன்றைக் குடித்தனக்காரர் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஆள் இன்னார் என்று தெரிந்துகொள்ள அது போதும். மூல அட்டையை வாங்கி நம் பீரோவில் வைத்துக்கொள்வது அழகல்ல. வந்து பார்த்துவிட்டுப் போன பத்துப் பேருடைய காகிதங்களையும் வாட்ஸப்பில் பிள்ளைக்கும் மாப்பிள்ளைக்கும் அனுப்பி 'இதில் யார் தேவலை?' என்று அபிப்பிராயம் கேட்பது அதைவிட மோசம்.

போலீஸுக்குத் தகவல் கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 2012 பிப்ரவரியில், சென்னையில் நடந்த வங்கிக் கொள்ளைகளில் சம்பந்தப்பட்டவர்கள் என்று போலீஸார் சொன்ன ஐந்து பேர் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு, குடியிருப்பவர்களின் விவரங்களை வீட்டுக்காரர்கள் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. இப்போது காவல் துறையின் இணைய தளத்தில் கட்டணம் கட்டி, குடிவருகிறவரைப் பற்றி விசாரித்துச் சொல்லும்படி கேட்கவும் வழியிருக்கிறது. செய்வதானால் வருகிற எல்லோருக்கும் செய்யுங்கள். வடக்கேயிருந்து வந்த தொழிலாளிக்கு மாத்திரம் போலீஸ், நம் ஊர்ப் பையனுக்கு வேண்டாம் என்றால் அது விசாரணை ஆகாது.

இந்த நாளில் புதிதாக முளைத்திருக்கிற ஒரு மோசடியை அவசியம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் உங்கள் விளம்பரம் பார்த்து ஒருவர் பேசுவார். ராணுவத்தில் இருப்பதாகவும் சென்னைக்கு மாற்றலாகி வருவதாகவும் சொல்வார். வீட்டைப் பார்க்கவே வேண்டாம், உங்கள் பேச்சே போதும் என்பார். யூனிபாரத்தோடு போட்டோவும் அடையாள அட்டையும் வந்து சேரும். அட்வான்ஸை இப்போதே அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள் என்பார். போட்டால் பணம் வராது. உங்கள் கணக்கிலிருந்து போகும்! பணம் வாங்குவதற்கு ரகசிய எண் ஒருக்காலும் தேவையில்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. வீட்டைப் பார்க்காமல் வாடகைக்கு எடுக்கிறவர் யாராயிருந்தாலும் உஷாராயிருங்கள். நேரில் வந்து, கட்டுக் கட்டாக ரொக்கத்தைக் காட்டி, "இன்னிக்கே சாவி கொடுங்க" என்று அவசரப்படுத்துகிறவரும் அந்த ரகந்தான்.

நாம் அவர்களைப் பார்க்கிற நேரத்தில் அவர்களும் நம்மைப் பார்க்கிறார்கள் என்பது பல வீட்டுக்காரர்களுக்கு நினைவிருப்பதில்லை. கூடத்தில் கணவன் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது மனைவி உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்க்கிறாள். குளியலறைத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று தள்ளிப் பார்க்கிறாள். மின்மீட்டர் தனியா, பொதுவா, யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குவீர்கள் என்று மெல்லக் கேட்கிறாள். திரும்பிப் போகும்போது பக்கத்து வீட்டு அம்மாளிடம், "கீழ் வீட்டு மாமி எப்படி?" என்றும் விசாரிக்கிறாள். சொந்தக்காரர் அதே கட்டிடத்தில் இல்லை என்பதை ஒரு சௌகரியமாகவே விளம்பரத்தில் போடுகிறார்கள் என்றால் நம் பெருமை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்! வாடகைக்கு விட்ட பிறகு மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் இருபத்துநாலு மணி நேரம் முன்னதாக எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கோபம் வந்தால் தண்ணீரை நிறுத்துவது, ஃப்யூஸைப் பிடுங்குவது என்ற பழைய ஆயுதங்களுக்கும் இடமில்லை.

ஒருவருக்கு இல்லை என்று சொல்ல வேண்டி வந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். 'விட்டாச்சு' என்று சொல்லிவிட்டுப் பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டே இருந்தால், மறுநாள் அதே வழியாகப் போகிறவர் பார்க்க மாட்டாரா? டோக்கன் அட்வான்ஸ் என்று ஐயாயிரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, நாலு நாளில் கூடுதல் வாடகைக்கு வேறு ஆள் வந்ததும் இழுத்தடிப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். அந்தப் பணத்தைப் புரட்டினவர் அதை நம்பி வேறு வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்.

ஆடியிலும் மார்கழியிலும் குடிபோக மாட்டார்கள். ஆகவே ஆனியில் காலியான மாடிக்கு ஆவணி வரை பூட்டுத்தான் தொங்கும் என்று மாமி கணக்குப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஒரு மாத வாடகைக்குப் பயந்து, கேட்க வேண்டியதைக் கேட்காமல் யாரையாவது ஏற்றிவிட்டால் அப்புறம் ஆவணியிலும் பூட்டு நன்றாயிருந்தது என்று தோன்றும். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்ச வருவார்கள். அன்றைக்கே, அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், இரண்டு பேருமாக மீட்டர் முன்னால் நின்று எண்ணைப் படித்து இரண்டு பிரதியிலும் எழுதுங்கள். சுவரில் உள்ள ஆணி, விரிசல், கீறல் எல்லாவற்றையும் டெலிபோனில் போட்டோ எடுத்து அவர்களுக்கும் ஒன்று அனுப்புங்கள். கேட்டுச் சாவி, மாடிச் சாவி, மோட்டார் அறைச் சாவி எத்தனை கொடுத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவர்கள் கொடுக்கிற பாலை வாங்கிக் குடித்துவிட்டு, தண்ணீர் லாரிக்காரருடைய நம்பரை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி வாருங்கள்.